முதல் கொலுவுக்குப் பொம்மை வாங்கச் சேலம் இறங்குகிறீர்களா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் குடியேறினோம். அந்த ஆண்டுதான் எங்கள் வீட்டில் முதல் கொலு. மகாளய அமாவாசைக்கு முந்தின நாள் மாலை அவசரமாகச் சேலம் இறங்கி, கூட்டத்தில் கைக்கு எட்டியதை எல்லாம் வாங்கி, கடைசிப் பஸ்ஸைப் பிடித்து மலையேறினோம். வீட்டில் பெட்டியைப் பிரித்தால் பரசுராமரின் கை கோடரியோடு தனியாகக் கிடந்தது. கண்ணனின் புல்லாங்குழல் பொடியாகியிருந்தது. இரண்டு பொம்மைகள் எந்தப் படியிலும் நிற்கவில்லை. சரஸ்வதி பூஜைக்குள் காகிதக்கூழ் பொம்மைகளின் முதுகில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்துவிட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் பலரிடம் கேட்டும் பட்டும் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக இங்கே எழுதியிருக்கிறேன். சேலத்தில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். பொம்மையை மலைக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் எட்டாவது, ஒன்பதாவது பகுதிகளைக் கட்டாயம் படியுங்கள்.

1. முதலில் நாளைக் குறியுங்கள்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் நவராத்திரி தொடங்குகிறது. ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2025-இல் அமாவாசை செப்டம்பர் 21. 2026-இல் அக்டோபர் 10. போன வருட நினைப்பில் இருந்துவிடாமல் நாட்காட்டியைப் பார்த்து அமாவாசையைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

அமாவாசைக்கு மூன்று வாரம் முன்பு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் முன்பு வாங்குங்கள். கடைசி வாரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் நவராத்திரி வருகிற ஆண்டுகளில் இந்தக் கையிருப்பு வாரம் மிகவும் முக்கியம், ஏனென்றால் அது வடகிழக்குப் பருவமழை தொடங்கும் மாதம். பெருமழை பெய்தால் ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிவதுண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அப்படிச் சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது.

கடைகளுக்கு வார நாளில் காலை பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். கூட்டம் குறைவு என்பது ஒரு காரணம். பகல் வெளிச்சத்தில் பொம்மையைப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம். மாலை விளக்கொளியில் எல்லாப் பொம்மைகளும் அழகாகத் தெரியும், விரிசல் மட்டும் தெரியாது.

2. வீட்டில் அளவெடுக்காமல் கிளம்பாதீர்கள்

படி மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் அமைவது வழக்கம். முதல் கொலுவுக்கு மூன்று படி போதும். கடையில் விற்கும் இரும்புப் படிதான் வேண்டும் என்றில்லை. டிரங்குப் பெட்டி, மரப்பலகை, எவர்சில்வர் டின்கள் ஆகியவற்றை அடுக்கி மேலே வெள்ளை வேட்டியை இழுத்து விரித்தால் படி தயார். நாங்கள் இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

பொம்மை வாங்குவதற்கு முன்பே படியைக் கட்டிப் பார்த்து மூன்று அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: படியின் நீளம், முன்னிருந்து பின்வரை ஆழம், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள உயரம். முதல் ஆண்டு எனக்குத் தெரியாமல் போனது இந்த மூன்றாவது அளவுதான். படிகளுக்கு இடையே எட்டு அங்குலம் உயரம் இருக்கும்போது கீழ்ப்படியில் பன்னிரண்டு அங்குலப் பொம்மையை வைத்தால் மேல்படிப் பொம்மையின் கால் நான்கு அங்குலம் மறைந்துவிடும். உயரமான பொம்மைகள் மேல் படிக்கு, சிறியவை கீழ்ப் படிக்கு என்று கணக்கு வைத்து வாங்குங்கள். அமர்ந்த கோலத்துப் பொம்மைக்கு அடிப்பாகம் அகலம். அதனால் ஆழத்தையும் பாருங்கள்.

அளவுநாடா ஒன்று பையில் இருக்கட்டும். கடைக்காரர் "பத்து அங்குலம்" என்றால் சில இடங்களில் அது பீடத்தோடு சேர்த்து, சில இடங்களில் பீடம் இல்லாமல். நீங்களே அளந்துகொள்வது நல்லது.

3. பணம்

முதல் ஆண்டே ஒன்பது படியையும் நிரப்பிவிட நினைக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர்ப்பது கொலுவின் வழக்கம். சேர்ந்துகொண்டே போகும்.

என் இரண்டாம் ஆண்டுப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆறு அங்குலத் தசாவதாரம் களிமண் செட் 2,400 ரூபாய். மரப்பாச்சி ஜோடி 650. பிள்ளையார் 350. செட்டியார், செட்டிச்சி ஜோடி 400. அட்டைப்பெட்டி, வைக்கோல், ஆட்டோ எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 4,100. உங்களுக்கு இது கூடலாம், குறையலாம். ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொம்மைகளுக்குள் விலை வித்தியாசம் வருவது வண்ணவேலையால்தான். கண்ணும் நகையும் நுணுக்கமாக எழுதியிருந்தால் விலை ஏறும். அது கைவேலைக்கான கூலி, கொடுக்கலாம்.

பணத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். முக்கால் பங்கு, சீட்டில் எழுதிப்போன பொம்மைகளுக்கு. கால் பங்கு, அங்கே பார்த்ததும் மனம் பறிகொடுக்கப்போகும் ஏதோ ஒன்றுக்கு. அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், நான் இதுவரை தப்பியதில்லை. கைபேசியில் பணம் செலுத்தலாம் என்றாலும் ஐந்நூறு, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். கூட்ட நேரத்தில் சிக்னல் கிடைக்காமல் நிற்க நேரிடும்.

4. முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள்

தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையம் சேலத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரியை ஒட்டி அங்கே கொலுப் பொம்மைக் கண்காட்சி நடக்கும். புதியவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை. விலைச்சீட்டு ஒட்டியிருப்பதால் எந்த அளவுக்கு, எந்தப் பொருளுக்கு என்ன விலை என்று ஒரு பிடி கிடைத்துவிடும். பிறகு தனியார் கடைகளிலும் தெருவோரக் கடைகளிலும் யாரும் உங்களிடம் விலையை ஏற்றிச் சொல்லிவிட முடியாது.

முதல் சுற்றில் ஒரு தாளில் கடை, பொம்மை, உயரம், விலை என்று நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டீ குடித்துவிட்டு இரண்டாம் சுற்று போங்கள். முதல் சுற்றில் ஆசைப்பட்டதில் பாதி, இரண்டாம் சுற்றில் வேண்டாம் என்று தோன்றும்.

5. பொம்மையைத் திருப்பி அடியைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பொம்மை வாங்குகிறோம். பொம்மையின் உண்மை அதன் அடியில் இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு ஒரு கடையில் நான் கண்ணன் பொம்மையின் தலையைப் பிடித்துத் தூக்கினேன். கடையில் இருந்த மூத்த அம்மா பதறி எழுந்து வந்துவிட்டார். "தலையைப் பிடித்துத் தூக்கக் கூடாது கண்ணு. ஒரு கை இடுப்பில், ஒரு கை அடியில்" என்று சொல்லிப் பொம்மையை என் கையிலிருந்து வாங்கினார். அப்படியே கவிழ்த்து, ஆள்காட்டி விரலின் கணுவால் முதுகில் தட்டினார். ணங் என்று ஒலித்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு கண்ணனை எடுத்துத் தட்டினார். டொப் என்றது. "இது எங்கேயோ உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, உனக்கு வேண்டாம்" என்று அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து தட்டிப் பார்க்காமல் நான் களிமண் பொம்மை வாங்குவதில்லை.

பொருளை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் அந்த அம்மாவே சொன்னார். சுட்ட களிமண் என்றால் வண்ணம் படாத அடிப்பாகம் செம்மண் நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். விரலால் தேய்த்தால் மாவு ஒட்டாது. பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) என்றால் அடி வெள்ளையாக இருக்கும், தேய்த்த விரலில் சுண்ணாம்பு போல ஒட்டும். காகிதக்கூழ் பொம்மை கையில் எடுத்ததும் தெரிந்துவிடும், அளவைப் பார்த்தால் கனம் இருக்காது. தட்டினால் மந்தமான ஒலிதான் வரும், அது குற்றமல்ல. காகிதக்கூழ் எளிதில் உடையாது, தூக்கிப் போகச் சுலபம். அதற்கு எதிரி ஈரம்.

வண்ணத்தைச் சோதிக்க, கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வெள்ளைக் கைக்குட்டையின் நுனியை லேசாக நனைத்து பீடத்தின் பின்விளிம்பில் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தப் பொம்மையை எந்தக் காலத்திலும் ஈரத்துணியால் துடைக்க முடியாது. வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து வாங்குங்கள்.

கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் பாருங்கள். உடைந்ததை ஒட்டி மேலே வண்ணம் பூசியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பூச்சு தடித்து, பளபளப்பு மாறித் தெரியும். வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பார்த்தால் போதும். கடைசியாக, மேசைமேல் நிறுத்தி ஒரு விரலால் தொடுங்கள். ஆடினால் அடி சமமாக இல்லை.

6. செட் வாங்கும்போது தலை எண்ணுங்கள்

தசாவதாரம் என்றால் பத்து: மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனன், பரசுராமன், ராமன், பலராமன், கண்ணன், கல்கி. சில செட்டுகளில் பலராமனுக்குப் பதிலாகப் புத்தர் இருப்பார். உங்கள் வீட்டு வழக்கம் எது என்று பெரியவர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிவைத்த பெட்டியை அப்படியே வாங்காதீர்கள், பிரித்து வரிசையாக நிறுத்தச் சொல்லுங்கள். ஒன்று உடைந்துபோன செட்டில் வேறு அச்சுப் பொம்மையைச் சேர்த்து எண்ணிக்கையை நிரப்பியிருப்பார்கள். முகநிறமும் பீடத்தின் உயரமும் மாறுவதால் வரிசையில் நிறுத்தினால் உடனே தெரியும். கல்யாண செட்டிலும் கிராமத்து செட்டிலும் சின்னஞ்சிறு துண்டுகள் அதிகம். அவற்றின் எண்ணிக்கையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

7. மரப் பொம்மையும் பில்லும்

கொலுவில் முதலில் எடுத்து வைப்பது மரப்பாச்சி ஜோடியை. மரபாக அது செம்மரத்தில் செய்தது. செம்மரம் இன்று பாதுகாக்கப்பட்ட மரம். வெட்டவும் எடுத்துச் செல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் "அசல் செம்மரம்" என்று தெருவோரத்தில் யாராவது விற்றால், ஒன்று அது சாயம் ஏற்றிய வேறு மரம், அல்லது கணக்கில் வராத மரம். இரண்டுமே உங்களுக்கு வேண்டாம். செம்மரம்தான் வேண்டும் என்றால் பில் கொடுக்கும் கடையில், பில்லில் மரத்தின் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். வேறு மரத்தில் செய்த மரப்பாச்சியும் கொலுவுக்கு ஏற்றதுதான். எங்கள் வீட்டு ஜோடி அப்படிப்பட்டதே.

இந்த மாவட்டத்துக்கு வந்துவிட்டு ஒரு தம்மம்பட்டிச் சிற்பமாவது வாங்காமல் போகாதீர்கள். ஆத்தூர்ப் பக்கத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரே மரக்கட்டையில் குடைந்து எடுக்கும் வேலை, பெரும்பாலும் வாகை மரத்தில். வாங்கும்போது கையை ஓட்டிப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் விரலில் தட்டுப்படும். அடியில் மரத்தின் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்பு இருந்தால் நாளாக நாளாக விரியும். அளவுக்கு மீறிக் கனத்தால் மரம் சரியாகக் காயவில்லை. சிற்பியிடம் சொல்லிச் செய்துவாங்க விரும்பினால் பல மாதங்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். புரட்டாசியில் போய்க் கேட்டால் இருப்பதைத்தான் வாங்க முடியும்.

பில்லில் ஐந்து விவரம் இருக்கட்டும்: பொருள், உயரம், எண்ணிக்கை, விலை, தேதி. விலை வரியுடன் சேர்த்ததா என்று முன்பே கேளுங்கள். "வழியில் உடைந்தால் மாற்றித் தருவீர்களா?" என்றும் கேளுங்கள். பெரும்பாலும் மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால் வீட்டில் பிரிக்கும்போது பழைய விரிசல் தெரிந்தால் எத்தனை நாளுக்குள் வர வேண்டும் என்பதைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்கலாம். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார். என் முதல் ஆண்டுப் பொம்மைகளுக்குப் பில் இல்லை. தொலைபேசியில் கேட்டபோது அந்தக் கடைக்காரர், எங்களிடம் வாங்கியதுதானா என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

விலை பேசுவது பற்றி ஒரு வார்த்தை. விலைச்சீட்டு ஒட்டிய அரசு விற்பனை நிலையத்தில் பேரம் கிடையாது. தனியார் கடையில் மூன்று நான்கு பொருள் சேர்த்து வாங்கும்போது கேளுங்கள். செய்தவரே உட்கார்ந்து விற்கும் கடையில் நான் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

8. கட்டுவதும் மலையேற்றுவதும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டிக்குள் பொம்மைகள் ஒரு பக்கம் சரிந்து, அடுத்த வளைவில் எதிர்ப்பக்கம் சரியும். சமதளச் சாலைக்குக் கட்டுவதுபோலக் கட்டினால் தாங்காது.

வீட்டிலிருந்தே பழைய பருத்தி வேட்டியோ புடவையோ கிழித்து எடுத்துப் போங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கை, வேல், குழல் இவற்றைப் பஞ்சு வைத்து முதலில் சுற்றுங்கள். பிறகு உடம்பு முழுக்கத் துணி. அதற்கு மேல்தான் செய்தித்தாள். புது வண்ணத்தின்மேல் நேரடியாகச் செய்தித்தாளைச் சுற்றினால், பஸ்ஸின் புழுக்கத்தில் அச்சு மை பொம்மையின் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பிள்ளையாரின் முதுகில் இன்னும் அரை வரிச் செய்தி இருக்கிறது.

அட்டைப்பெட்டியின் அடியில் நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல். கனமான பொம்மைகள் கீழே, இலேசானவை மேலே. ஒன்றோடொன்று படாமல் நடுவில் வைக்கோல் திணியுங்கள். மூடியதும் பெட்டியை மெல்ல ஆட்டுங்கள். உள்ளே சத்தம் கேட்டால் இன்னும் இடம் இருக்கிறது என்று பொருள், திறந்து நிரப்புங்கள். ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு சிறிய பெட்டிகள் நல்லது. பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துத் துணிப்பை எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தமிழ்நாடு முழுவதும் தடை இருக்கிறது, ஏற்காடு அடிவாரச் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள்.

பஸ் என்றால் புதிய பஸ் நிலையத்திலேயே ஏறி முன்பக்க இருக்கையைப் பிடியுங்கள். வழியில் ஏறினால் இடம் கிடைக்காது. பின்சக்கரத்துக்கு மேல் உள்ள இருக்கை வேண்டவே வேண்டாம். தலைக்கு மேல் உள்ள பலகையிலும் பெட்டியை வைக்காதீர்கள், மடியில் வையுங்கள். உடைந்த எங்கள் பரசுராமர் அந்தப் பலகையில்தான் பயணம் செய்தார். சொந்த வண்டியில் போனால் பெட்டியை இருக்கையில் வைக்காமல் முன்இருக்கைக்கும் பின்இருக்கைக்கும் நடுவே தரையில் வைத்து இருபுறமும் போர்வையை அடைத்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குள் சேலத்தை விட்டுவிட்டால் பனி இறங்குவதற்கு முன் வீடு சேரலாம்.

9. மலைமேல் பொம்மையை வைத்துக்கொள்வது

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். புரட்டாசி, ஐப்பசியில் மேகமே ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதனால்தான் மலைவாசிகளுக்குக் களிமண்ணும் மரமும் முதலில், காகிதக்கூழ் பிறகு என்கிறேன். காகிதக்கூழ் பொம்மை வாங்கியே ஆக வேண்டும் என்றால் அடியில் உள்ள துளையைச் சுற்றியும் வண்ணம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

கொலுவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள். தூசியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி கூடாது. பூசணம் அரும்பினால் உடனே எடுத்து நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வெயிலில் வைத்தால் வண்ணம் வெடிக்கும்.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எடுத்து வைப்பது வழக்கம். அந்த அவசரத்தில் ஈரத்தோடு கட்டிவிடாதீர்கள். மழை நாளாக இருந்தால் இரண்டு நாள் அறையிலேயே விட்டுவிட்டுப் பிறகு கட்டுங்கள். பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பூச்சிக்கு இரண்டு துண்டு வசம்பு. பெட்டியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். பிரிப்பதற்கு முன் கொலுவை ஒரு படம் எடுத்து, பில்லோடு சேர்த்துப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். எந்தப் படியில் இடம் மிச்சம், அடுத்த ஆண்டு எத்தனை அங்குலத்தில் எதை வாங்க வேண்டும் என்பதற்கு அதுவே கணக்கு.

மரப்பாச்சி ஜோடியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மூடுங்கள். அடுத்த அமாவாசையன்று முதலில் வெளியே வர வேண்டியவர்கள் அவர்கள்தாம்.